கழுகு போட்டோவுக்குப் பின்னாடி இருக்கிற பயான் ஓல்கி

மங்கோலியான்னு சொன்னாலே புல்வெளி, குதிரை, செங்கிஸ் கான்னு ஒரு படம் மனசுல ஓடும்ல, அந்தப் படத்தைத் தூக்கிட்டு மேப்ல மேற்கு ஓரமா போனா பயான் ஓல்கிங்கிற மாகாணத்துல மாட்டிக்குவீங்க. அங்க பத்துல ஒன்பது பேர் மங்கோலியரே இல்ல, கஜக் இனம். வீட்ல பேசுறது கஜக் மொழி, கும்பிடுறது அல்லாவை. மாகாணத் தலைநகர் ஓல்கி ஊர்ல பள்ளிவாசல் இருக்கு. கூடாரம் கூட மங்கோலியக் கூடாரத்தை விட உயரமா பெருசா இருக்கும், உள்ள சுவரெல்லாம் கலர் கலரா கை எம்பிராய்டரி.

இந்த மாகாணத்தை ரொம்ப நாளா மேப்லயும் கட்டுரைகள்லயும் துரத்திட்டு இருக்கேன். முதல்ல இழுத்தது இதோட இடம்தான். வடக்க ரஷ்யா, மேற்க, தெற்க சீனா, நடுவுல அல்தாய் மலை. மங்கோலியாவோட உயரமான சிகரம் குயிதென், 4,374 மீட்டர், இங்கதான். பக்கத்துலயே பொதானின் பனியாறு, 14 கிமீ நீளம். இதுல வேடிக்கை என்னன்னா கஜகஸ்தானும் மங்கோலியாவும் எங்கயுமே ஒட்டல, நடுவுல சுமார் 40 கிமீ மலை, அது ரஷ்யாவும் சீனாவும் பங்கு போட்டுக்கிட்டது. அந்த 40 கிமீ மட்டும் இல்லாம இருந்திருந்தா இந்த ஜனங்க கதையே வேற.

இவங்க எப்படி இங்க வந்தாங்க? கெரெய்ங்கிற கஜக் குலம் அல்தாய்க்கு அந்தப் பக்கம், இன்னைக்கு சீனாவோட சின்ஜியாங்னு சொல்ற இடத்துல, ஆடு மாடு குதிரை மேய்ச்சுட்டு இருந்தவங்க. 1864-ல ரஷ்யாவும், சிங் (மஞ்சு) வம்சம் ஆண்ட சீனாவும் உக்கார்ந்து எல்லைக்கோடு போட்டாங்க. மேய்ச்சல்காரனுக்கு கோடு என்ன தெரியும், கோடைக்குப் புல் எங்க இருக்கோ அங்க போவான். 1860கள்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து தங்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் மஞ்சு ஆட்சி விழுந்து, ரஷ்யாவுல உள்நாட்டுப் போர் வந்து (1921-ல தொல்போ ஏரிக்கரையில கம்யூனிஸ்ட் சிவப்புப் படையும் அதை எதிர்த்த வெள்ளைப் படையும் மோதினது இந்த மாகாணத்துலதான்), கடைசியா 1940-ல பக்கத்து கோவ்து மாகாணத்துல இருந்து பிரிச்சு கஜக்குகளுக்குன்னே தனி மாகாணம் குடுத்தாங்க.

எனக்கு முக்கியமாப் படுறது இப்ப சொல்லப்போற விஷயம். இந்த மாகாணம் வர்றதுக்கு முன்னாடி, 1930கள்ல, சோவியத் கஜகஸ்தான்ல என்ன நடந்துச்சு? கூட்டுப்பண்ணைன்னு சொல்லி மந்தையெல்லாம் பிடுங்கி, நாடோடிகளை ஒரே இடத்துல உக்கார வெச்சு, 1930-33 பஞ்சத்துல பத்து லட்சத்துக்கும் மேல ஜனங்க செத்தாங்க. மேய்ச்சல் வாழ்க்கையே முறிஞ்சு போச்சு. அப்புறம் வெளியில இருந்து குடியேற்றம் மேல குடியேற்றம். 1989 கணக்கெடுப்புல சொந்த நாட்டுலயே கஜக்குகள் 40 சதவீதம்தான், நகரங்கள்ல எங்க பாத்தாலும் ரஷ்ய மொழி. மங்கோலியாவிலயும் அடக்குமுறை இல்லாம இல்ல, பள்ளிவாசல், புத்த மடம் எதையும் விடல, பின்னாடி கூட்டுப்பண்ணையும் வந்துச்சு, ஆனா மந்தை அழியல, இடம் மாறி மாறி மேய்க்கிற பழக்கம் அழியல, மொழியும் தப்பிச்சிருச்சு. மூலையில கிடந்ததே காப்பாத்திருச்சுன்னு நான் நினைக்கிறேன்.

1991-ல கஜகஸ்தான் தனி நாடானதும் வெளிநாட்டுல இருக்கிற நம்மாளுங்க எல்லாம் வாங்கன்னு கூப்பிட்டாங்க. சோவியத் உதவி நின்னு போய் மங்கோலியாவே திண்டாடிட்டு இருந்த நேரம், பயான் ஓல்கியில இருந்து பத்தாயிரக்கணக்குல கிளம்பிட்டாங்க. போன இடத்துல ஆபீஸ், கடைத்தெருன்னு எல்லாம் ரஷ்ய மொழி, இவங்களுக்கு அது சரியா வராது, சொந்த மொழி நல்லா தெரிஞ்சதே ஒரு குறை மாதிரி ஆயிருச்சு. எவ்ளோ கொடுமை பாருங்க. நிறைய பேர் அங்கயே செட்டில் ஆயிட்டாங்க, கொஞ்சம் பேர் திரும்பி வந்துட்டாங்க, இன்னைக்கும் பாதி சொந்தம் இங்க பாதி சொந்தம் அங்கன்னு இருக்கிற குடும்பங்க நிறைய.

சரி, கழுகு. இணையத்துல எல்லாரும் பார்த்திருக்கிற போட்டோ அதுதான், நரித்தோல் தொப்பி போட்ட தாத்தா குதிரை மேல, கையில பொன்னாங்கழுகு. வேட்டைக்கு எடுக்கிறது பெட்டைக் கழுகைத்தான், அதுதான் பெருசு. கண்ணை மூட தோல் மூடி, கை வலிக்காம இருக்க சேணத்துல முட்டுக் குடுக்கிற ஒரு கவட்டைக் கட்டை. வேட்டை குளிர்காலத்துல, ஏன்னா அப்பதான் நரி ரோமம் அடர்த்தியா இருக்கும், பனியில கால்தடமும் தெரியும். சில வருஷம் வேட்டையாடின பிறகு அதைத் திரும்ப மலையிலயே விட்டுருவாங்க, அது குட்டி போடணும்ல, இல்ல குஞ்சு பொரிக்கணும்னு சொல்லணுமோ. அக்டோபர்ல நடக்கிற கழுகுத் திருவிழா பழங்காலத்துது இல்ல, 1990களோட கடைசியில டூரிஸ்ட்டுக்காக ஆரம்பிச்சது. அதுக்காக அதைப் போலின்னு சொல்ல எனக்கு மனசு வரல. 2014-ல ஐஷோல்பான்னு 13 வயசுப் பொண்ணு பெரியவங்களை எல்லாம் தோக்கடிச்சு ஜெயிச்சதும் அந்த மேடையிலதான்.

ஆனா கஜக்குகள் மட்டும்தான் இந்த மண்ணுன்னு நினைச்சுடக் கூடாது. அவங்க வர்றதுக்கு முன்னாடியே இங்க உரியாங்காய், துவா ஜனங்க இருந்தாங்க, இன்னும் இருக்காங்க. மேற்கு ஓரத்து செங்கெல் பக்கம் இருக்கிற துவா குழந்தைங்க வீட்ல துவா, அக்கம்பக்கத்துல கஜக், அரசாங்கத்துக்கு மங்கோலியம்னு மூணு மொழியில வளருதுங்க. சிறுபான்மைக்குள்ள ஒரு சிறுபான்மை, கழுகு போட்டோ எடுக்கப் போறவங்க இவங்க பக்கம் திரும்புறதே இல்ல. இவங்க எல்லாருக்கும் முன்னாடி இருந்தவங்க பாறையில கீறி வெச்சுட்டுப் போன மான், காட்டுமாடு, வேட்டைக்காரன் எல்லாம் அதே பள்ளத்தாக்குகள்ல ஆயிரக்கணக்குல இருக்கு, பழசானது 12,000 வருஷம் பின்னாடி போகுதாம், 2011-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க.

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தர்ல இருந்து ரோடு வழியா போனா 1,600 கிமீக்கு மேல, கடியாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பணும். எப்பவாவது காசு சேந்தா நான் போறது அக்டோபர்ல இல்ல, கூட்டம் இல்லாத ஜூலையில, கோடை மேய்ச்சலுக்கு அவங்க மலையேறியிருக்கிற நேரத்துல.