ரெண்டு கப் இருக்கு, கூட்டத்தைக் காணோம்

சித்தி மகன் புது வீடு கட்டிப் பால்காய்ச்சினான். அதற்காக 2025 மே மாதம் பாளையங்கோட்டைக்குப் போனேன். மூன்று நாள் லீவு. முதல் நாள் பந்தியும் சொந்தக்காரர்களும், இரண்டாம் நாள் சித்தி கைச் சொதியும் இஞ்சிப் பச்சடியும், அப்புறம் மதியம் முழுக்கத் தூக்கம். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நெல்லையப்பர் கோவிலுக்கும் அப்படியே அல்வாக் கடைக்கும் போய்விட்டு ராத்திரி ரயில் ஏறலாம் என்று இருந்தவனைக் காலையிலேயே தம்பி வந்து எழுப்பினான். "அண்ணே, கடக்கரைல ஒரு ஃபுட்பால் ஃபைனல் இருக்கு, வாரியா?"

அவன் போட்டிருந்தது இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்தில் ஆடும் 'சென்னையின் எஃப்.சி.' டீமின் நீலச் சட்டை. 2018ல் கப் வாங்கிய வருஷத்துச் சட்டை, கழுத்துப் பட்டை வெளுத்து வெள்ளையாகிவிட்டது. நானும் அந்த டீம்தான். ஆனால் என் சட்டை சென்னையில் பீரோவுக்குள் புதுசு மாதிரி இருக்கிறது. இந்த வித்தியாசத்தை அப்போது நான் கவனிக்கவில்லை.

வாசலில் ஒரு பழைய ஆம்னி வேன். ஓட்டுகிறவர் வங்கியில் வேலை பார்க்கும் அண்ணாச்சி, நாற்பத்தைந்து வயதிருக்கும், அவரும் நீலம். பின் சீட்டில் தென்காசிக்காரப் பையன் ஒருவன், மஞ்சள் சட்டை, அதே லீக்கின் கொச்சி டீமான கேரளா பிளாஸ்டர்ஸ். எங்கள் வேனில் மஞ்சளுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "செங்கோட்டையத் தாண்டுனா கேரளாதானே அண்ணே, பாலருவி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறிப் படுத்தா காலைல எர்ணாகுளம், எங்களுக்கு மெட்ராஸ்தான் வெளியூரு" என்றான். கணக்குப்படி அவன் சொல்வது சரிதான். நெல்லையிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல், கொச்சி அதில் பாதி.

பாளையங்கோட்டையைத் தாண்டும் முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. 2024-25 சீசனில் 13 டீமில் நாங்கள் 11வது. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. தம்பி விரலை மடக்கிச் சொன்னான்: "2018ல சாம்பியன். அடுத்த வருஷமே கடைசி. அதுக்கு அடுத்த வருஷம் ஃபைனல். அப்புறம் எட்டு, எட்டு, எட்டு, ஆறு, இப்ப பதினொண்ணு. இது டீமா, யாரோட போன் நம்பரா?" பின் சீட்டு மஞ்சள் விழுந்து விழுந்து சிரித்தது.

தம்பியின் கட்சி இதுதான். அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா தானி என்று பெரிய பெயர்கள் மூன்று முதலாளிகள் பட்டியலில் இருக்கின்றன. 2014ல் ஆரம்பித்து நான்கு வருஷத்தில் ரெண்டு கப். அப்புறம் அந்தப் பசி எங்கே போனது? கோச் மாறுகிறார், வெளிநாட்டு வீரர்கள் மாறுகிறார்கள், ஆனால் இந்த டீம் என்னவாக வேண்டும் என்று யாராவது சொல்கிறார்களா? கீழே விழுந்தால் இரண்டாம் டிவிஷனுக்குப் போக வேண்டும் என்ற பயமும் ஐ.எஸ்.எல்.லில் இதுவரை இருந்ததில்லை. கடைசியில் வந்தாலும் அடுத்த வருஷம் அதே நாற்காலி. அதனால் நாம்தான் பயம் காட்ட வேண்டும், கேலரி காலியாகக் கிடந்தால்தான் உறைக்கும், டிக்கெட் வாங்குகிற வரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள் என்றான்.

நான் பலமாகத் தலையாட்டினேன். "நானும் அதனாலதான் போறதில்ல" என்றேன். சொன்னேன், எழுதி வைக்கிறேன்.

அண்ணாச்சி கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பேசவில்லை.

நாங்குநேரியில் டீ குடித்துவிட்டு திசையன்விளைப் பக்கம் திரும்பினோம். விஜயநாராயணத்தில் கடற்படைத் தளத்தின் கம்பங்கள் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கின்றன, எத்தனை தூரம் போனாலும் கூடவே வருகிற மாதிரி இருக்கும். அதைத் தாண்டினால் முருங்கைத் தோட்டம், பனை, செம்மண் தேரி. ரோட்டோரம் பதநீர் விற்றார்கள். பனையோலையை மடித்துக் குடுவை மாதிரி ஆக்கி, அதில் ஊற்றி, மேலே ரெண்டு நுங்கையும் நோண்டிப் போட்டுக் கொடுத்தார் ஒரு அம்மா. குடித்து முடித்துவிட்டு ஓலையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, வேன் ஜன்னலில் செருகி வைத்தேன். இந்த ஊருக்கு வருகிறவர்கள் அல்வாவோடு திரும்பிவிடுகிறார்கள், மே மாதத் தேரிக்காட்டைப் பார்க்காமல். அவர்கள் நஷ்டம்.

அண்ணாச்சிக்கு வாய் திறந்தது அங்கேதான். போன சீசனில் மூன்று மேட்சுக்குப் போயிருக்கிறார். மனுஷர் செய்வதைக் கேளுங்கள். காலையில் ஆறு மணிக்கு நெல்லையில் வந்தே பாரத் ஏறினால் மத்தியானம் எழும்பூர். மேட்ச் ராத்திரி ஏழரைக்கு. முடிய ஒன்பதரை ஆகும். அதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுப் போயிருக்கும். அதனால் ஸ்டேடியம் இருக்கிற பெரியமேட்டிலிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், ஊருக்கே வெளியில், அதற்கே ஒன்றரை மணி நேரம். அங்கே தெற்கே போகிற பஸ் எதிலாவது சீட் பிடித்து மறுநாள் காலை வண்ணாரப்பேட்டையில் இறங்கி, குளித்துவிட்டு, பத்து மணிக்கு வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். "சாப்பாடு டிக்கெட்டெல்லாம் சேத்து ஒரு மேட்சுக்கு மூவாயிரத்தத் தாண்டிரும். தோத்துட்டு வாற அன்னைக்கு அந்த பஸ்ல வரும் பாருங்க ஒரு தூக்கம்…"

"அப்புறம் எதுக்கு வே போறீரு?" என்றான் தென்காசிப் பையன். கேலியாகத்தான் கேட்டான், ஆனால் அவனுக்கும் பதில் தெரிய வேண்டும் போலிருந்தது.

அண்ணாச்சி 2015 கதையை எடுத்தார். அந்த டிசம்பரில் சென்னையில் வெள்ளம். நமது டீம் அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேயில் போய் ஆடி, கொல்கத்தா டீமை 3-0 ஜெயித்தது. ஃபைனல் கோவாவில், கோவாவோடு. 90 நிமிஷம் நெருங்கும்போது 1-2 என்று பின்னால். கோவா கோல்கீப்பரின் சொந்த கோல் ஒன்று, உடனே நம்ம மெண்டோசா அடித்தது ஒன்று, 3-2. "வீட்டுல வெள்ளம், ஆட வீடில்ல, கப்பத் தூக்கிட்டு வந்தானுவ. அன்னைக்கு எங்கூட உக்காந்து டி.வி. பாத்த பயலுவ எல்லாரும் இப்ப போகாம இருக்கது போராட்டம்னு சொல்லுதானுவ. போகாம இருக்கவன் எல்லாவனும் போராடுதானா? பாதிப் பேருக்கு சோம்பல்வே."

அவருக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. நம் மாநிலத்தில் சென்னை சிட்டி என்று ஒரு டீம் கோயம்புத்தூரில் ஆடி 2018-19ல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் சாம்பியனே ஆனது. அந்த டீம் இன்றைக்கு எந்த லீக்கிலும் இல்லை. "கேலரி காலியா கெடந்தா முதலாளிக்கு உறைக்கும்கியே, உறைச்சு அவன் கடையச் சாத்திட்டுப் போயிட்டா?" தம்பி இதற்குப் பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மஞ்சள் பையன் நடுவில் புகுந்து, எங்களுக்கு மூணு ஃபைனல், மூணும் தோல்வி, ஒரு கப் கூடக் கிடையாது, ஆனாலும் கொச்சி கலூர் ஸ்டேடியத்துல வந்து பாருங்க கூட்டத்த என்றான். "உங்ககிட்ட ரெண்டு கப் இருக்கு, கூட்டத்தக் காணோம். எங்ககிட்ட கூட்டம் இருக்கு, கப்பக் காணோம். கலந்து பங்கு வச்சிக்கிடுவோமா?" அவனுடைய ஆட்களும் அதே 2024-25 சீசனில் நிர்வாகத்துக்கு எதிராகக் கொடி பிடித்தவர்கள்தான். இதை அண்ணாச்சி எடுத்துக் கொடுத்ததும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

ஊர் வந்துவிட்டது. உவரிக்கும் இடிந்தகரைக்கும் நடுவில் ஒரு கடற்கரைக் கிராமம், பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. தம்பியோடு சவேரியார் கல்லூரியில் படித்த பையன் ஒருவனுக்கு அது சொந்த ஊர். கோவிலுக்குப் பக்கத்தில் மணல் மைதானம், ஒரு பக்கம் கடல். சனிக்கிழமை ராத்திரி கடலுக்குப் போகாத ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கரையில். வள்ளத்து மேல், ஃபைபர் படகு மேல், கோவில் படியில், வேப்பமரத்தில் ஆட்கள். பெண்கள் பகுதியிலிருந்துதான் அதிகச் சத்தம். மைக்கில் ஒருவர் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே, நடுநடுவே பைக்கைக் குறுக்கே நிறுத்தியவனின் நம்பரையும் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

கோலுக்குப் பின்னால் கட்டியிருந்தது பழைய மீன் வலை. முதல் பாதியில் ஒருவன் அடித்த அடியில் வலை கிழிந்து பந்து கடலுக்குப் போய்விட்டது. கோலா, வெளியேவா என்று ரெஃப்ரியைச் சுற்றி இருபது பேர். அந்த அமளிக்குள் ஒரு பெரியவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலை பின்னும் ஊசியோடு வந்து கோல் கம்பத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்தார். கிழிந்த கண்ணிகளை விரலால் விரித்துப் பார்த்து, ஓரத்து முடிச்சைப் பல்லால் கடித்துச் சீராக்கி, ஒவ்வொரு கண்ணியாக எடுத்து முடிந்துகொண்டே போனார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரெஃப்ரி கோல் கொடுத்து முடிக்கும்போது வலையும் முடிந்திருந்தது.

சொந்த ஊர் டீம் ஃபைனலில் பெனால்டியில் தோற்றது. நாங்கள் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஜெயித்தவர்கள் சுழற்கோப்பையோடு டெம்போ ஏறியதும் ஊர் கிளப்பின் கூட்டம் அங்கேயே, மணலிலேயே ஆரம்பித்துவிட்டது. எங்கள் வேன் சண்டை அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். வெளியூரிலிருந்து காசு கொடுத்து ரெண்டு பேரை ஏன் கூட்டி வந்தாய்? அந்த ரெண்டு பேரும்தானே பெனால்டியை வெளியே அடித்தான்? பாளையங்கோட்டைக்குப் போய் மாவட்ட லீக்கில் ஆடுவோம் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாயே, வேன் வாடகைக்குப் பயந்துதானே போகவில்லை? ஒரு கட்சி, நமக்கு லீக் எதற்கு, நம்ம ஊரில் வருஷம் ஒரு போட்டி நடத்தினால் போதும் என்றது. சின்னப் பையன்கள் அத்தனை பேரும் லீக் கட்சி.

கிளப் தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பந்து வைக்கிற அறையின் சாவியைத் தூக்கி மணலில் போட்டார். "நான் விலகிக்கிடுதேன். யார் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க." ஒரு நிமிஷம் அமைதி. பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்து, "சாவி கெடக்கட்டும், கணக்கு நோட்டு எங்க?" என்றார். ஊரே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். அப்புறம் நோட்டு வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பந்து இத்தனை, ஜெர்சி இத்தனை, பிரியாணி இத்தனை என்று வரி வரியாகப் படித்தார்கள். பிரியாணி வரியில் இருபது நிமிஷம் நின்றது. இதையெல்லாம் எழுதுவேன் என்று சொன்னபோதுதான் ஊர் பெயர் போடாதீங்க என்றார்கள்.

தம்பி என் காதில் சொன்னான்: "வீட்டுக்கு வீடு வசூல் குடுத்துருக்காங்கண்ணே. அதான் கேக்க முடியுது. நம்ம யார்ட்டப் போயி நோட்டக் கேக்க?" அவன் டிக்கெட் வாங்கக் கூடாது என்று சொன்னதன் உள்ளர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வருவதும் வராததும் தவிர ரசிகன் கையில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் வராதவனை எப்படிக் கணக்கெடுப்பது? கோபத்தில் காலியான நாற்காலிக்கும், முதலிலிருந்தே யாரும் உட்காராத நாற்காலிக்கும் மேலிருந்து பார்த்தால் ஒரே நிறம்தானே.

கிளம்பும்போது அந்த வலை பின்னிய பெரியவர் எங்கள் சட்டைகளைப் பார்த்து, எந்த டீம் என்று விசாரித்தார். அண்ணாச்சி சொன்னார். என்னைக் காட்டி, இவுக மெட்ராஸ்லயே இருக்காக என்றும் சொல்லி வைத்தார், வேண்டுமென்றேதான். பெரியவர் என்னிடம், "அப்ப நீங்க எல்லா ஆட்டத்துக்கும் போவியளோ?" என்றார்.

என் வீடு அயனாவரத்தில். நேரு ஸ்டேடியம் பைக்கில் இருபது நிமிஷம். போன சீசனில் நான் போனது ரெண்டே மேட்ச், அதில் ஒன்று கேரளா மேட்ச், அதுவும் ஆபீஸ் நண்பன் டிக்கெட் எடுத்ததால். மற்ற நாளெல்லாம் மழை, டிராஃபிக், மறுநாள் வேலை, போனிலேயே பார்த்துக்கலாம். 11வது இடத்துக்கு வருவதற்கு முன்னாலும் இதே கதைதான். "எப்பவாவது போவேன்" என்றேன். "எப்பவாவதா" என்று அவர் திருப்பிச் சொன்னதில் குத்தல் ஒன்றும் இல்லை, காது கேட்டதா என்று சரிபார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அண்ணாச்சி வேனைக் கிளப்பினார். நான் ரயிலைத் தவறவிட்டிருந்தேன். மறுநாள் பகல் முழுக்க பஸ்.

ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்திருப்பதாக நடத்துகிற நிறுவனம் சொல்லிவிட்டது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோடு அவர்கள் போட்டிருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பர் 8ல் முடிவதாக இருந்தது, அதற்கு மேல் என்ன என்று முடிவாகாமல் சீசனைத் தொடங்க முடியாது என்றார்கள். கோச்சை மாற்றணுமா, முதலாளி மாறணுமா என்று நாங்கள் வேனில் போட்ட சண்டைக்கு மேட்ச்சே இல்லாமல் போய்விட்டது. போகவா வேண்டாமா என்ற கேள்வியும் அதோடு நின்றது.

அக்டோபர் கடைசியில் தம்பி போன் செய்தான். அந்த ஊரில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மறுபடியும் போட்டியாம். பழைய தலைவரேதான் தலைவர், சாவி அவரிடமே இருக்கிறது, நோட்டு மட்டும் அந்த அம்மாவிடம் போய்விட்டது. அண்ணாச்சி வேன் எடுக்கிறார், மஞ்சளும் வருகிறது. வாரியாண்ணே என்றான். நெல்லை எக்ஸ்பிரஸில் போட்டுப் பார்த்தேன், வெயிட்டிங் லிஸ்ட் 43. போட்டுவிட்டேன்.