மறுபடியும் எரிந்த உதடு

இடப்பக்கக் கீழ் ஞானப்பல்லை எடுத்த மறுநாளும் உதடு மரத்தே இருந்தது. மரப்பு ஊசி தெளிய நேரமாகும் போல என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ரசம் குடிக்கும்போது மகள், "அப்பா, மோவாய்ல வழியுதுப்பா" என்றாள். எனக்குத் தெரியவேயில்லை. சவரம் செய்தால் பாதி மோவாய் வேறு யாருடையதோ போல இருந்தது.

பல் மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். பல்லின் வேரை ஒட்டி, தாடை எலும்புக்குள் ஒரு குழாய் வழியாக நரம்பு ஓடுகிறது. முன்பக்கம் ஒரு துளையில் வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் பரவுகிறது. பல்லை எடுக்கும்போது அது நசுங்கியிருக்கிறது. "அறுபடல, திரும்பும். பொறுங்க" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து படித்தபோது ஒரு விஷயம்தான் என்னைத் தேற்றியது. உதட்டின் தொடுதலை உணரும் செல் உதட்டில் இல்லை! காதுக்கு முன்னால், மண்டையோட்டுக்குள் ஆழத்தில், முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பின் முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து ஓர் இழை உதடு வரை நீள்கிறது, இன்னொன்று மூளைத்தண்டுக்குப் போகிறது. அடிபட்டது இழைதான், செல் அல்ல.

நரம்பு அறுபடாமல் நசுங்கினாலும் உள்ளே இழைகள் துண்டாகலாம். அப்படித் துண்டானால் அதற்கு அப்பால் உள்ள பகுதி சிதைந்துபோகும் என்று 1850-இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து விவரித்தார். சிதைந்ததை, இழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் மற்ற செல்களோடு சேர்ந்து அப்புறப்படுத்துகின்றன. பிறகு பழைய பாதையிலேயே வரிசைகட்டி நின்று, வளர்ச்சிக்கான புரதங்களைச் சுரந்து, புது நுனிக்கு வழிகாட்டுகின்றன. செல்லும் சும்மா இருப்பதில்லை. இழையை நீட்டத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நூல் வைத்து அளந்தேன். கடைவாயிலிருந்து உதடு வரை 7 சென்டிமீட்டர். சரி, எப்படியும் இரண்டரை மாதம்.

ஆறாவது வாரம் எறும்பு ஊர்வது போலிருந்தது. மோவாயைத் தட்டினால் உதட்டோரம் சுரீர் என்று ஷாக் அடித்தது. பயந்துபோய் போன் செய்தேன். வளரும் நுனி லேசான தட்டுக்கே பொறி தட்டும், நல்ல அறிகுறிதான் என்றார் மருத்துவர்.

பத்தாவது வாரம், இட்லிக்கு அரைத்த காரச் சட்னி இடது உதட்டில் பட்டு எரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, காரத்தால் மட்டும் அல்ல. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதத்தை 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் அதே புரதம்தான் திறக்கிறது. காரம் சுடுகிற மாதிரி இருப்பது அதனால்தான். அதைத் தாங்கிய மெல்லிய இழைகள் எனக்கு முதலில் வந்துசேர்ந்தன. துண்டின் உரசல் தெரிய மேலும் ஒரு மாதம் ஆனது.

இப்போது ஐந்து மாதம். ஞாயிறுதோறும் மகள் என் கண்ணை மூடச் சொல்லி, பென்சில் முனையால் உதட்டைத் தொட்டு "எங்கே?" என்று கேட்கிறாள். போன வாரம் விரலை வைத்துக் காட்டினேன். "அரை விரக்கடை தள்ளிப்பா" என்றாள்.