போன வருஷத்துக்கு இப்ப எப்படி?

பெரியவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஸ்கேன் முடிந்து அவரை மேசையிலிருந்து இறக்கி, கையில் ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். "போன வருஷத்துக்கு இப்ப எப்படி கீது தம்பி?" என்றார்.

"டாக்டர் பாத்துட்டு ரிப்போர்ட் குடுப்பாருங்க ஐயா."

எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, கழற்றி வைத்திருந்த வெள்ளி அரைஞாணை எடுத்து மெதுவாகக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

குடியாத்தம் பக்கத்துக்காரர், லுங்கி வியாபாரம் பார்த்தவர். புராஸ்டேட்டில், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், புற்றுநோய். பயாப்சியில் கிளீசன் 3+3, அதாவது கட்டியின் வீரியத்துக்குப் போடும் கணக்கில் குறைந்த அளவு. புராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. பத்துக்குக் கீழே. இந்த வகை பெரும்பாலும் மெதுவாக வளரும். அவசரப்பட்டு அறுத்தால் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு என்று மிச்ச வாழ்க்கைக்கும் தொல்லை வரலாம். அதனால்தான் ஆக்டிவ் சர்வெய்லன்ஸ் என்று கண்காணிப்பில் வைக்கிறார்கள். சும்மா விட்டுவிடுவதில்லை. பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறு பயாப்சி என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மாறினால் உடனே சிகிச்சை.

இதன்மேல் எனக்கு உண்மையான நம்பிக்கை உண்டு. பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-ல் வந்தது. 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று பிரித்துப் பார்த்ததில், எந்தக் குழுவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீதம் அளவுதான். உடம்பில் வேறு இடத்துக்குப் பரவியது மட்டும் கண்காணிப்புக் குழுவில் அதிகம், 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 சதவீதத்தை ஒட்டி. ஆனால் அங்கே கண்காணித்தது பி.எஸ்.ஏ.வை வைத்துத்தான், எம்.ஆர்.ஐ.யை வைத்து இல்லை. நாங்கள் எடுக்கும் படத்துக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது என்று நான் நினைப்பது அதனால்தான்.

அந்த வேலையும் லேசானதில்லை. ஒப்பிட வேண்டும் என்றால் போன முறை படம் எடுத்த அதே கோணத்தில் இந்த முறையும் எடுக்க வேண்டும். அதற்காக அன்றைக்கு அவருடைய பழைய படங்களைப் பக்கத்துத் திரையில் திறந்து வைத்திருந்தேன். சுரப்பியின் அமைப்பைக் காட்டும் டி2 படத்தில் இடது பக்கம் அதே கறுப்புப் புள்ளி. என் கண்ணுக்கு அதே அளவு. அப்புறம் டிஃப்யூஷன், அதாவது திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும் படம், எடுத்தபோது அது இழுபட்டு வந்தது. மலக்குடலில் காற்று இருந்தால் அப்படித்தான் ஆகும்; புராஸ்டேட் அதை ஒட்டியே இருக்கிறது. மைக்கில் சொன்னேன்: "ஐயா, ஒரு படம் மறுபடி எடுக்கணும், அசையாம இருங்க."

"இன்னா தம்பி, இன்னொரு வாட்டியா?"

வெளியே வந்ததும் காரணத்தையும் சொன்னேன். காற்றுதான் ஐயா, வேறொன்றும் இல்லை என்று. அவர் நம்பவில்லை என்று இப்போது தோன்றுகிறது. போன வருஷம் ஒரே தடவையில் முடிந்தது, இந்த வருஷம் மறுபடி எடுத்தார்கள், கேட்டால் டாக்டர் சொல்வார் என்கிறார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் கூட்டிக் கழித்திருப்பேன்.

மறுநாள் ரிப்போர்ட் போனது. மாற்றமில்லை, பிரிசைஸ் 3. ஒன்றிலிருந்து ஐந்து வரை போடும் அந்தக் கணக்கில் 3 என்றால் முன்பு இருந்தபடியே இருக்கிறது என்று பொருள். ஆனால் ரிப்போர்ட் கைக்கு வருவதற்குள் அவர் அறுவை செய்துகொள்வதென்று வீட்டில் சொல்லிவிட்டாராம். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அவர் மகன் வேறொருவரை ஸ்கேனுக்கு அழைத்து வந்தபோது சொன்னது இது. குற்றம் சாட்டும் குரலே இல்லை. "அன்னிக்கு இங்கருந்து வந்ததுலருந்து அப்பா சாப்பிடலண்ணா," என்றார், அவ்வளவுதான்.

"அதே மாதிரிதான் தெரியுது ஐயா" என்று நான் சொல்லியிருக்கலாமா? எங்கள் சென்டருக்கு வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களிடம் பாதி சைகையில்தான் பேச்சு. இவரிடம் என் தமிழிலேயே பேச முடிந்தது. ஆனால் அளவு மாறாமல் இருந்தாலும் டிஃப்யூஷனில் மாறியிருக்கலாம். அதைப் படித்துச் சொல்ல ரேடியாலஜிஸ்ட் வேண்டும். அது மட்டுமில்லை. நல்லதாகத் தெரியும்போதெல்லாம் நான் வாய் திறந்தேன் என்றால், கெட்டதாகத் தெரியும் நாளில் என் மௌனமே ரிப்போர்ட் ஆகிவிடும். அடுத்த மேசையில் படுப்பவருக்கு அது எவ்வளவு கொடுமை! எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்வதுதான் எல்லோருக்கும் நியாயம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் பெரியவர் எல்லோரும் இல்லையே, அவர் ஒருவர். என் நியாயம் அவருடைய அந்த ஒரு ராத்திரிக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

புரொடெக்ட் ஆய்விலேயே, கண்காணிப்பில் தொடங்கியவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் 15 ஆண்டுக்குள் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ மாறியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நோய் வளர்ந்ததால் அல்ல. கட்டி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தூங்குவது எல்லோராலும் முடிவதில்லை. அவரும் எப்படியும் மாறியிருப்பார் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அந்தச் சமாதானம் நிற்பதில்லை.

பிறகு அவரே முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்க வந்தார். எடுத்த புராஸ்டேட்டிலும் அதே 3+3தானாம். இருமினால் கசிகிறது, பேட் வைத்துக்கொள்கிறேன் என்று கூச்சமில்லாமல் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. அவரோ, "ஆனா நிம்மதியா தூங்கறன் தம்பி. அத்த எடுத்து வெளிய போட்டாச்சு இல்ல," என்றார். அவருக்காக நான் வருத்தப்படுவது சரிதானா என்றே அப்போது குழம்பிவிட்டது.

இப்போது புராஸ்டேட் ஸ்கேனுக்கு யார் வந்தாலும், உள்ளே அனுப்பும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "காத்து இருந்தா சில படம் ரெண்டு தடவை எடுப்போம், அதுக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லைங்க." சிலர் முகம் தெளிகிறது. சிலர் அப்போதும் இறங்கியதும் கேட்கிறார்கள். டாக்டர் சொல்வார் என்றுதான் சொல்கிறேன். ரேடியாலஜிஸ்ட் அறையில் இருந்தால் மட்டும், அவர்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், "இவர் ஃபாலோ அப் கேஸ் சார், வெளியிலயே உக்காந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.