பள்ளிக் கட்டடத்துக்கு மனு எழுதும் முன்: எந்த மேசை, எந்தப் பணம், என்ன அளவு

"பள்ளிக் கட்டடம் பழுதடைந்துள்ளது, ஆவன செய்ய வேண்டுகிறோம்." இந்த ஒற்றை வரியோடு தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் கூட்டங்களுக்குப் போகும் மனுக்கள் பெரும்பாலும் "நிதி வரப்பெற்றதும் பரிசீலிக்கப்படும்" என்ற பதிலோடு திரும்பும். எந்த அலுவலகம், எந்தத் தலைப்பிலிருந்து, எவ்வளவு வேலைக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது மனுவில் இருக்காது. அந்த மூன்றும் இல்லாத தாள் மேசை மேசையாக நகரும், அவ்வளவுதான்.

முதலில் கட்டடம் யாருடையது என்று பாருங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. ஆசிரியருக்குச் சம்பளம் கல்வித் துறை தருகிறது, கூரைக்குப் பொறுப்பு ஒன்றியம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இரண்டு அலுவலர்கள் இருப்பார்கள், வகுப்பறை விஷயம் "வ.ஊ." (வட்டார ஊராட்சி) என்று போட்டிருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும், கிராம ஊராட்சியைப் பார்க்கும் "கி.ஊ."வுக்கு அல்ல. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு வழி வேறு: முதன்மைக் கல்வி அலுவலர், பொதுப்பணித் துறை.

அடுத்தது யூடைஸ் பதிவு, அதாவது நாடு முழுதும் பள்ளி விவரங்களைச் சேர்க்கும் அரசுத் தகவல் தளம். இதைப் பார்க்காமல் விடுவதுதான் அதிகம் கெடுக்கிறது. ஒவ்வொரு பள்ளியின் 11 இலக்க எண்ணுக்குக் கீழ் எத்தனை வகுப்பறை நல்ல நிலையில், எத்தனைக்குச் சிறு பழுது, எத்தனைக்குப் பெரும் பழுது என்று ஆண்டுதோறும் ஏற்றுகிறார்கள். போன வருடப் படிவத்தை அப்படியே நகலெடுத்து "நல்ல நிலை" என்று அடித்திருந்தால், மேலே பட்டியல் தயாரிப்பவர் கண்ணில் உங்கள் பள்ளி படவே படாது. பள்ளி மேலாண்மைக் குழு தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து அந்தப் பதிவைத் திருத்திவிட்டுத் தீர்மானம் போடட்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது கல்வி உரிமைச் சட்டம் 2009 அந்தக் குழுவுக்குத் தந்திருக்கும் வேலைதான்.

பழுதை எழுதும் விதத்திலும் தவறு நடக்கிறது. ஒழுகும் மொட்டைமாடிக்கு மேலே இன்னொரு கான்கிரீட் அடுக்கு போட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். 5 செ.மீ. கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோ எடை. 40 சதுர மீட்டர் அறைக்கு 4.8 டன் சுமையை, ஏற்கெனவே துருப்பிடித்த கம்பியின் தலையில் ஏற்றச் சொல்கிறீர்கள். ஒழுகலுக்குக் காரணம் பல இடங்களில் எளியது: வேப்பிலையும் புங்க இலையும் அடைத்த மழைநீர்க் குழாய், பிளந்த தட்டை ஓடு, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை. கூரையின் அடிப்பக்கம் பூச்சு உதிர்ந்தால் அது பூச்சு சமாச்சாரம் இல்லை. உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அங்கே புதுப் பூச்சு பூசுவது, ஆபத்தைப் பார்வையிலிருந்து மறைப்பது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொள்ளலாகக் கேட்கும் இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். குழந்தைகளை உடனே வேறு அறைக்கு மாற்றிவிட்டு, ஒன்றிய உதவிப் பொறியாளரின் ஆய்வை எழுத்தில் கேளுங்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, இடிக்க வேண்டியவை மாநிலம் முழுக்கக் கணக்கெடுக்கப்பட்டன. ஆனால் இடிப்பு ஏலத்தில் பழைய கம்பி, கதவுக்கு வைக்கும் விலை கூடிப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள். பழையது நிற்கும் வரை புதியதற்கு இடம் இல்லை.

மதிப்பீட்டை ஓவர்சியர் போடும்போது விட்டுப்போகிறவை எப்போதும் அதே சிலதான்: இடிப்புச் செலவு, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, சாய்வுதளம். சாய்வுதளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்க வேண்டும். வகுப்பறைத் தரை வெளித்தரையைவிட 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம். முன்வாசலில் மூன்றே மீட்டர் இருந்தால் திரும்பு மேடையோடு வரைபடத்திலேயே காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சக்கர நாற்காலி ஏறாத செங்குத்துச் சறுக்கு ஒன்று வரும். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப்பக்கம் என்றால் பொருள் ஏற்றுக்கூலியைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். (பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரமே பல தேர்தல்களில் கழுதை மேல்தான் போனது. ஜல்லிக்கு மட்டும் சமவெளிக் கூலி போட்டால் எவர் ஒப்பந்தம் எடுப்பார்?)

பணம். உடைந்த ஜன்னல், பெயின்ட், சிறு பழுது என்றால் ஒருங்கிணைந்த பள்ளி மானியம்: 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000. இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. கழிவறை, குடிநீர் என்றால் ஊராட்சியின் நிதிக்குழு மானியத்தைப் பாருங்கள். 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்குத் தந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்திருந்தது. வகுப்பறை என்றால் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம், இல்லையேல் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி, அது தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. ஊரார் மூன்றில் ஒரு பங்கு போடத் தயார் என்றால் "நமக்கு நாமே" திட்டம். எதுவானாலும் இடம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த் துறை அ-பதிவேட்டின் நகலும், எல்லை அளவு காட்டும் புலப்படமும் இணையுங்கள். யாரோ வாய்மொழியாகத் தானம் தந்த நிலத்தில் நிற்கும் பள்ளிகள் இங்கே நிறைய. வேலை தொடங்கும் நாளில்தான் வாரிசுகள் வந்து நிற்பார்கள்.

கழிவறை கேட்கும்போது தண்ணீர்க் கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள். பகல்நேரப் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதி. 80 பிள்ளைகளுக்கு 3,600 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றோடு நிறுத்திவிட்டால் பிற்பகலில் கழிவறைக்குப் பூட்டு.

வேலை பெரும்பாலும் கோடை விடுமுறையில் நடக்கும். நம் பக்கம் போர்வெல் வற்றும் மாதங்களும் அவைதான். பிபிசி (PPC, போர்ட்லாண்ட் பொசோலானா) சிமென்ட் போட்ட தளத்துக்குப் பத்து நாளாவது ஈரம் காய விடக்கூடாது. தாங்கும் சுவர்களுக்கு இடைப்பட்ட அகலம் நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கு அடியில் முட்டு 7 நாள் நிற்க வேண்டும், மேற்பட்டால் 14 நாள். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் 20 மி.மீ. கவர் கட்டை அடியில் இருக்கிறதா என்று கான்கிரீட் கொட்டும் முன்பே பாருங்கள், பிறகு பார்க்க முடியாது. டேங்கர் தண்ணீர் யார் பொறுப்பு என்பதை வேலை உத்தரவு கொடுக்கும் அன்றே ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்கிவிடச் சொல்லுங்கள்.