சரிகை சுற்றிய ஈயும் தீர்த்தன் ஆற்று ட்ரவுட்டும்

ஹிமாசலத்துக் குல்லு பக்கம், தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போன கதை இது. முதலில் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றி எழுதித் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மீன் பக்கம் மனசு போகாது.

டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவு பஸ்ஸில், ஔட் சுரங்கத்துக்கு முன்னால் இறக்கிவிடச் சொல்லி கண்டக்டரிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். அவர் தூங்கிவிட்டார். நானும் தூங்கிவிட்டேன், அது வேறு விஷயம். கண் விழித்தபோது பஸ் சுரங்கத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளம், நடுவில் நிறுத்த மாட்டார்கள். அந்தப் பக்கத்து வாயில் இறக்கிவிட்டுப் போனார்கள். மணி நாலரை, அக்டோபர் குளிர், கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு டாக்ஸி. நான் தங்கப் போகும் ஆற்றங்கரை ஊரான குஷைனிக்கு 30 கிலோமீட்டர் சுமார் இருக்கும். 3,500 ரூபாய் என்றார். 2,800க்குக் கொண்டுவந்துவிட்டு ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். தங்கிய வீட்டில் விசாரித்தால், பகலில் 1,500க்கே வருவார்களாம். விடியும்வரை டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தால் குஷைனிக்கு முந்தைய ஊரான பஞ்சாருக்கு பஸ்ஸே உண்டு. தயவுசெய்து உட்கார்ந்திருங்கள். ஊர் திரும்பும்வரை அந்த 1,300 ரூபாய் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

சரி, மீன்.

ட்ரவுட் நம் ஆறுகளில் பிறந்த மீன் இல்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் விட்டார்கள். குல்லுவில் ஹோவெல் என்ற அதிகாரி காஷ்மீரிலிருந்து முட்டை வரவழைத்து 1909இல் பொரிப்பகம் வைத்தார். தீர்த்தனில் இன்று நீந்துவது அந்த வம்சத்துப் பழுப்பு ட்ரவுட். ஆறு குஷைனியைத் தாண்டி, பஞ்சார் வழியாக இறங்கி, லார்ஜியில் பியாஸோடு சேர்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன் முட்டையிடும் காலம், தூண்டில் போடக்கூடாது. கோடையில் பனி உருகித் தண்ணீர் கலங்கும், அப்புறம் மழை. ஆக மார்ச், ஏப்ரல் இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். மீன்வளத்துறை லைசென்ஸ் கட்டாயம். டாக்ஸிக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அதெல்லாம் ஒரு செலவே இல்லை.

புழு கோத்துப் பிடிக்கும் ஆசை எனக்கு இல்லை. இறகும் நூலும் கொண்டு பூச்சி மாதிரி ஒன்றைக் கட்டி ஏமாற்ற வேண்டும், அதுதான் ஆசை. அந்தப் பொய்ப்பூச்சிக்கு இங்கிலீஷில் ஃப்ளை, நான் ஈ என்கிறேன். இதில் ட்ரை ஃப்ளை நீர்மேல் மிதப்பது. நான் கட்டுவது வெட் ஃப்ளை, தண்ணீருக்குள் அமிழ்ந்து போவது. ட்ரவுட் தின்பதில் பெரும்பங்கு நீருக்கடியில்தானே, பிறகு எதற்கு மேலே மிதக்க வைத்துக்கொண்டு?

கட்டுவது பார்க்கச் சுலபம். பதினாலாம் நம்பர் தூண்டில் முள், சுண்டுவிரல் நகத்தளவு. அதைச் சின்ன இடுக்கியில் மாட்டி, பட்டு நூலை அடுத்தடுத்துப் படிய முள் வளையும் இடம்வரை சுற்றித் திரும்ப வர வேண்டும். தலைப்பக்கம் ஒரு கோழி இறகை நுனியில் கட்டி, ரெண்டே சுற்று. முடிச்சு, ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அவ்வளவுதான். பெட்டைக்கோழி இறகாக இருக்க வேண்டும். சேவல் இறகு விறைப்பு, மிதப்பதற்குத்தான் லாயக்கு. பெட்டை இறகு தண்ணீர் குடித்துத் துவண்டு, ஓட்டத்தில் மூடி மூடித் திறக்கும். மீனுக்கு அது கால் உதைக்கும் பூச்சி. யார்க்ஷயர்க்காரர்கள் இதற்குக் கௌதாரி இறகை எடுப்பார்கள். இங்கே கௌதாரியைத் தொட்டால் சட்டம் பாயும். பொள்ளாச்சியில் அம்மா வளர்க்கும் புள்ளிப் பெட்டையின் கழுத்து இறகு அச்சு அசலாக அப்படியே இருந்தது. நூல், காஞ்சிபுரத்தில் கேட்டு வாங்கிய ஆரஞ்சுப் பட்டு. நனைந்ததும் ஆரஞ்சு நிறம் கருத்து, சுட்ட செங்கல் மாதிரி ஆகிவிடும். அதுதான் வேண்டியதும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பாட்டியின் பழைய புடவையிலிருந்து சரிகை உருவி ஈயின் வயிற்றைச் சுற்றிப் பளபளப்பு ஏற்றினேன். இறகு ஐந்து சுற்று, ஆறு சுற்று. ஒவ்வொன்றும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. 24 ஈ, மூன்று ஞாயிற்றுக்கிழமை.

முதல் நாள் முழுக்க ஒரு மீன்கூட இழுக்கவில்லை. இடுப்பளவுப் பாறைகள், கண்ணாடித் தண்ணீர், முழங்கால்வரை மரத்துப் போகும் குளிர். பாறைக்குப் பின்னால் ட்ரவுட் நிற்பது தெரிகிறது. என் ஈ பக்கத்தில் வந்ததும் ஒரு சாண் தள்ளிப் போய் நிற்கிறது. பெரிய அவமானம்.

ராத்திரி சாப்பாடுதான் காப்பாற்றியது. சித்து என்று ஒன்று. கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே அக்ரூட் பூரணம் வைத்து, ஆவியில் வேக வைக்கிறார்கள். நம்ம கொழுக்கட்டைக்கு மலைநாட்டுப் பெரியப்பா. அதைப் பிட்டு உருகிய நெய்யில் முக்கி வாயில் போட்டால் அக்ரூட் லேசாகக் கசந்து, பின்னாலேயே நெய் வந்து சமாதானம் செய்கிறது. நாலு தின்றேன். கூடவே பண்ணையில் வளர்த்த ட்ரவுட், கடுகெண்ணெயில் பொரித்தது. கடுகெண்ணெய் எனக்கு ஆகாது என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததை வாபஸ் வாங்குகிறேன். தங்கல், ரெண்டு வேளைச் சாப்பாடு சேர்த்து நாளுக்கு 1,400.

மறுநாள் காலை ஒரு வீச்சு பின்னால் இருந்த புதரில் மாட்டியது. பிடுங்கி எடுத்தால் சரிகை அறுந்து தொங்குகிறது, இறகில் பாதி போச்சு, மிச்சம் நாலைந்து இழை. விரல் மரத்திருந்ததால் வேறு ஈ மாட்ட முடியவில்லை. சரிகையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அப்படியே எறிந்தேன். ஆற்றின் குறுக்கே, கொஞ்சம் கீழ்நோக்கி. லைன் இறுக, ஈ வளைந்து கரைப்பக்கம் வந்து, நீரோட்டத்தின் முடிவில் மெல்ல மேலே எழும்பும் நேரம். யாரோ வாசல் கதவை ஒரே ஒரு தடவை தட்டின மாதிரி. கோல் வளைந்தது.

பதினோரு அங்குலம் இருக்கும். வெண்ணெய் மஞ்சள் வயிறு, விலாவில் கருப்புப் புள்ளி, நடுநடுவே சிவப்புப் பொட்டு, ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் வெளிறிய வளையம். முள்ளைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றினேன். கொஞ்ச நேரம் கையிலேயே நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனது.

ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1857லேயே சொல்லிவிட்டார், ஈயைக் குறைவாகக் கட்டு என்று. படித்திருக்கிறேன். தலையாட்டியும் இருக்கிறேன். ஒரு பாறையில் உட்கார்ந்து, நகவெட்டியால் மிச்ச ஈக்களின் சரிகையை எல்லாம் வெட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைப்பு பத்து நிமிஷத்தில் ஆற்றோடு போயிற்று. சாயங்காலத்துக்குள் இன்னும் ரெண்டு மீன்.

வழி, செலவு, எங்கே தங்குவது எல்லாம் வரிசையாக எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: விமானச் செலவு நீங்கலாக, நாலு நாளைக்கு 13,000 சொச்சம்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். கோழி இறகு வேலை செய்தது என்று சொல்ல வேண்டுமே.

“எத்தனை மீனு?”

“மூணும்மா.”

“கொழம்பு வெச்சாங்களா?”

“இல்ல, ஆத்துலயே விட்டுட்டேன்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“போக வர எவ்வளவுடா ஆச்சு?”

மலையில் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.