எங்கள் வார்டு மெம்பரும் ஃப்ரீசர் பெட்டியும்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னாலேயே பந்தல்கார அண்ணனுக்குப் போன் போய்விடும். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அண்ணன்தான். சாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி, பாடைக்கு மூங்கில், வறட்டி, வண்டி எல்லாம் அவர் ஏற்பாடு. 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் நின்று வார்டு மெம்பரும் ஆனார். "பாடை கட்டுறவனுக்கு எதுக்குய்யா பதவி" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பெட்டியை இறக்கி பிளக் மாட்டியதும், அழுகைக்கு நடுவே கொஞ்சம் நிதானமாக இருக்கிற ஆளைத் தேடுவார், பெரும்பாலும் அது மருமகனாக இருக்கும். இறந்தவருடைய ஆதாரையும் ரேஷன் கார்டையும் வாங்கி, திண்ணை வெளிச்சத்தில் பெயர், அப்பா பெயர், இனிஷியல் என்று விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமத்தில் அதற்குப் பதிவாளர் வி.ஏ.ஓ.தான். ஒரு வருஷம் தாண்டினால் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. உத்தரவு வரைக்கும் அலைய வேண்டும். ஒரு இனிஷியல் மாறிப்போனால் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், அந்த அம்மாவுக்கு வர வேண்டிய விதவை உதவித்தொகை, உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் வரும் ஈமச்சடங்குப் பணம் எல்லாம் நின்றுவிடும். "கருமாதிக்குள்ள எழுதிக் குடுத்துரணும் தம்பி, அப்புறம் புள்ளைங்க திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயிரும்" என்பார்.

திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் யாராவது தவறிவிட்டால், தன் வண்டி சும்மா நின்றாலும், 155377க்குப் போன் போட்டு அரசு அமரர் ஊர்தியில் கொண்டுவரச் சொல்வார், அது இலவசம். தன் பிழைப்பு போகுமே என்று யோசிக்கமாட்டார். பெட்டிக்கும் ஒரே வாடகைதான், காலனித் தெருவாக இருந்தாலும் சரி, மேலத்தெருவாக இருந்தாலும் சரி.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. தென்னை எல்லாம் ரோட்டில் கிடந்தது, எங்கள் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களிலும் சாவு நிற்கவில்லையே. அண்ணன் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார், விறகு முழுக்க நனைந்து கிடந்ததால் தன் கொட்டகையில் இருந்த வறட்டியை அள்ளிக் கொடுத்தார், யாரிடமும் வாடகை கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவர் ஜெயித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மெம்பர் ஆனதும் அவர் கையில் எடுத்தது சுடுகாட்டுப் பாதை. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சம்பா நட்ட வயலுக்குள் முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிப் போவார்கள், பயிர் மிதிபட்டால் வயல்காரரோடு வாய்த்தகராறு வேறு. இதில் சாதி வேறு சேர்ந்துகொள்ளும். மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் 2016 ஜனவரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோக உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது, உத்தரவு கிடைத்தும் அந்த வழியில் விடவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஆகக் கூடாது என்று அண்ணன் ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து பேசினார். வயல்காரர்கள் வீட்டுக்கு ராத்திரியில் தனித்தனியாகப் போய் உட்கார்ந்தார். கடைசியில் வாய்க்கால் கரையை அகலப்படுத்தி நூறு நாள் வேலையில் மண் அடித்தார்கள். எல்லாத் தெருவுக்கும் அந்த ஒரே பாதைதான்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். பாதையில் கடைசித் துண்டுக்கு இன்னும் ஜல்லி விழவில்லை, மழை பெய்தால் அந்த இடத்தில் வழுக்குகிறது. அண்ணன் மனு எழுதிக்கொண்டே இருக்கிறார், பதவி இல்லாததால் வெறும் பொதுமக்கள் என்று கையெழுத்துப் போட்டு. அடுத்து தேர்தல் வரும்போது அவர் நிற்க வேண்டும். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.