துருக்கி சி1 பாஸ்: 'நடந்து போனேன்'னு சொல்லி ஒரு செமஸ்டர் போச்சு

நேத்து ரிசல்ட். துருக்கி மொழி பரீட்சையில ரெண்டாவது அட்டெம்ப்ட்ல சி1 (ஏ1-லேர்ந்து சி2 வரைக்கும் இருக்கற ஆறு லெவல்ல அஞ்சாவது) வந்துருச்சு. முதல் தடவ ஸ்பீக்கிங்கும் ரைட்டிங்கும் கவுத்துடுச்சு, அங்காரா குளிருல ஒரு செமஸ்டர் சும்மா டீ குடிச்சிட்டு ஒக்காந்திருந்தேன், அந்த கடுப்புலதான் இத எழுதுறேன்.

வேற்றுமை உருபு, வினைய கடைசில வைக்கறது எல்லாம் நமக்கு தானா வரும், விடுங்க. என்ன கவுத்தது ஒரு வேலைய எப்படி செஞ்சோம்னு சொல்ற இடம். நமக்கு 'எந்திரிச்சு போனேன்', 'நடந்து போனேன்' ரெண்டும் ஒரே வினையெச்சம். அவங்களுக்கு வேற வேற. 'இப்' விகுதி போட்டா ஒண்ணு செஞ்சு அடுத்தது, 'எரெக்' (இல்லன்னா 'அரக்') போட்டா எப்படிங்கற விதம். ஸ்பீக்கிங்ல நேத்து வீட்டுக்கு எப்படி போனீங்கன்னு கேட்டாங்க, நான் தமிழ் நெனப்புல 'யுருயுப் கித்திம்'னேன். ஏன், கோவமான்னு கேட்டு சிரிச்சாங்க. வெடுக்குனு கெளம்பி போயிட்டேன்னு அர்த்தமாம்! சொல்ல வேண்டியது 'யுருயெரெக் கித்திம்'. பயத்துல அடுத்த கேள்விக்கு 'யுருர்கென்'னு மாத்தினேன், அது 'நடக்கும்போது', இன்னும் கேவலம்.

டேபிள் போட்டு படிக்க எனக்கு சுத்தமா வராது. சமைக்கும்போது வாய்விட்டு சொல்லுவேன்: 'சோவானி ஆலயரக் தோருயொரும்', வெங்காயத்த அழுதுகிட்டே நறுக்குறேன். ரூம்மேட்டு லூசுன்னே முடிவு பண்ணிட்டான். ஆனா ரெண்டு மாசத்துல 'இப்' குழப்பம் போயிருச்சு.

மத்ததெல்லாம் சுருக்கமா:
- கோஷா கோஷா கெல்தி = ஓடி ஓடி வந்தான். அப்படியே நம்மளுது, தைரியமா போடுங்க.
- கிதெரெக் = போகப் போக. வினை கூட அதே 'போ' தான், இத பார்த்த அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.
- கொனுஷ்மதன் = பேசாம. அழுத்தம் 'நுஷ்'ல. கடைசி 'தன்'ல அழுத்துனா 'பேச்சிலிருந்து'ன்னு ஆயிரும், லிஸனிங்ல இங்கதான் மாட்டுவீங்க.
- எல்லாத்துக்கும் 'ஜே' (நம்ம '-ஆக' மாதிரி ஒரு விகுதி) ஒட்டாதீங்க. நல்லா பேசுறா = 'இயி', அவ்வளவுதான். 'இயிஜே'ன்னா பாத்திரத்த நல்லா கழுவுன்னு சொல்றோம்ல, அந்த நல்லா.
- எரெக் போட்டா ரெண்டு வேலையும் செய்யறது ஒரே ஆளா இருக்கணும். ரைட்டிங்ல 'அம்மா சமைக்க நான் படிச்சேன்'னு சொல்ல எரெக் போட்டேன், வாக்கியமே தப்பாயிருச்சு.

கட்டுரையில 'தெலிஜெசினெ' (பைத்தியம் புடிச்ச மாதிரி) டைப் ஐட்டம் ஒண்ணு போதும், ரெண்டு போட்டா மனப்பாடம்னு காட்டிக் குடுத்துரும்.